கணிப்பொறி வாசிக்கக் கற்றுத் தருமா?

முதலில் ஒரு கணக்கு. 749-ஐ 867-ஆல் பெருக்குங்கள். கைப்பேசியைத் தொடக் கூடாது; காகிதமும் பென்சிலும் போதும். 6,49,383 என்று விடை வந்ததா? எவ்வளவு நேரம் ஆயிற்று?

1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைச் சோதித்துப் பார்த்தார். அவன் இதே கணக்கை விரைவாகவும் பிழையில்லாமலும் போட்டு முடித்தான். இயற்கணிதத்திலும் அவனுக்குத் தடங்கல் இல்லை. ஆனால் ஏழு என்பதை ‘7’ என்று எண்ணால் எழுதினால் உடனே படித்துவிடுகிற அவன், அதையே எழுத்தால் எழுதினால் விழித்தான். ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியரிடமும் படித்தும் சின்னச் சின்னச் சொற்களைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரான ‘பெர்சி’ என்பதையே ‘ப்ரெசி’ என்று எழுதிவிட்டு, ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் தவறைக் கண்டுகொண்டான்.

அவனுடைய ஆசிரியர் சொன்னதுதான் நம் கவனத்துக்கு உரியது. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவர் சொன்னாராம். நல்ல ஆசிரியர். நம் ஊர் வகுப்பாக இருந்தால் இப்படிப்பட்ட பையனுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்? உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்களும் சொல்லியிருக்கலாம்.

இன்று இந்தச் சிக்கலுக்கு ‘டிஸ்லெக்சியா’ என்று பெயர். அறிவுக்குறைவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதுபோன்ற கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே உதவி கேட்பது அந்தக் குழந்தையின் உரிமை.

இப்போது இந்த உதவியைக் கணிப்பொறியே செய்துவிடும் என்கிறார்கள். எழுத்துக்கு ஒலி சொல்லித்தரும் மென்பொருள்கள் பல வந்துவிட்டன. கைப்பேசியில் ஏற்றிக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் போதும், அது தானே படித்துக்கொள்ளும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் வாசிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

காதும் கண்ணும்

பேசுவதற்கு உங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அம்மா பேசினாள், பாட்டி பேசினாள், நீங்களும் பேசினீர்கள். மனிதன் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுத்தோ சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு கண்டுபிடிக்கப்பட்ட பொருள். மூளையில் வாசிப்பதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் எதுவும் கிடையாது. காதால் கேட்ட ஒலியையும் கண்ணால் பார்க்கும் வடிவத்தையும் ஒவ்வொரு குழந்தையும் தன் மூளைக்குள் புதிதாக முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். பலருக்கு இந்த முடிச்சு சுலபமாக விழுந்துவிடுகிறது. சிலருக்கு நூறு தடவை போட்டாலும் அவிழ்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த முடிச்சை நேராகக் கற்பிக்கும் முறைதான் ஃபோனிக்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு அவசியம் அதிகம். ‘பீ, ஏ, டீ’ என்று எழுத்துகளின் பெயர்களை அடுக்கிச் சொன்னால் ‘பேட்’ என்ற சொல் பிறக்காது. பெயர் வேறு, ஒலி வேறு. ஆகவே ஒலியை முதலில் சொல்லிக் கொடுத்து, ஒலிகளைச் சேர்க்கப் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முறையான ஃபோனிக்ஸ் பயிற்சி பலன் தருகிறது என்று அறிவித்தது. இங்கிலாந்தில் 2012 முதல் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளுக்கு ஆறு வயதுவாக்கில் 40 சொற்கள் கொண்ட ஒரு வாசிப்புச் சோதனை வைக்கிறார்கள். அதில் பாதிச் சொற்களுக்கு அர்த்தமே கிடையாது! மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாதல்லவா? எழுத்தையும் ஒலியையும் சேர்க்கத் தெரிந்தால்தான் அவற்றைப் படிக்க முடியும்.

பின்லாந்தில் பிறந்த விளையாட்டு

1990-களின் தொடக்கத்தில் பின்லாந்து நாட்டு யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லியூட்டினன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஒரு நீண்ட ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். வாசிப்புக் குறைபாடு உள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதற்கொண்டே கவனித்து வந்தார்கள். சுமார் 200 குடும்பங்கள். அவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட குடும்பங்கள், மீதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

ஆறு மாதக் குழந்தைகளுக்கு ‘அத’, ‘அத்த’ என்பது போன்ற இரண்டு ஒலிகளை ஒலிக்கச் செய்து, தலையில் மின்முனைகள் பொருத்தி மூளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பின்னிஷ் மொழியில் ஒரு மெய் ஒற்றையாக வந்தால் ஒரு பொருள், இரட்டித்தால் வேறு பொருள். நம் ‘படி’யும் ‘பட்டி’யும்போலத்தான். வாசிப்புக் குறைபாடு உள்ள குடும்பத்துக் குழந்தைகளின் மூளை இந்த வேறுபாட்டுக்கு மற்றக் குழந்தைகளிலிருந்து மாறுபட்ட விதத்தில் பதில் கொடுத்தது. எழுத்தையே பார்க்காத வயது! அப்படியானால் சிக்கலின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, காதுக்குப் பின்னால் ஒலியைப் பிரித்தறியும் இடத்தில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியின் பலனாகத்தான் ‘எகாபெலி’ என்ற கணிப்பொறி விளையாட்டு பிறந்தது. ‘முதல் விளையாட்டு’ என்று பொருள். வெளிநாடுகளில் இதன் பெயர் ‘கிராஃபோகேம்’. விளையாட்டு மிகவும் எளிது. காதில் ஓர் ஒலி கேட்கும். திரையில் சில எழுத்துகள் மேலிருந்து பந்துபோல் விழுந்துகொண்டிருக்கும். ஒலிக்கு உரிய எழுத்து தரையைத் தொடுவதற்குள் அதைத் தொட வேண்டும். தவறிவிட்டால் திட்டு இல்லை. சரியான எழுத்தை மட்டும் காட்டிவிட்டு, ஒலியைத் திரும்பவும் சொல்லும். எந்த இரண்டு எழுத்துகளை அந்தக் குழந்தை குழப்பிக்கொள்கிறது என்று கணிப்பொறி குறித்து வைத்துக்கொண்டு, அவற்றையே மீண்டும் மீண்டும் கொண்டுவரும். ஆனால் பெரும்பாலான தடவை குழந்தை வெற்றி பெறும்படியாகவும் பார்த்துக்கொள்ளும். நூறாவது தடவையும் முதல் தடவைபோலவே அதே குரலில், அலுப்பில்லாமல் சொல்லும். உங்கள் ஆசிரியரையோ அம்மாவையோ இப்படிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்! பத்தாவது தடவையில் குரல் ஏறிவிடும். குரல் ஏறினால் குழந்தையின் வாய் மூடிக்கொள்ளும்.

ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் நகரில் இன்னும் பள்ளிப் படிப்பைத் தொடங்காத சிறுவர்களுக்கு இந்த விளையாட்டைக் கொடுத்தார்கள். எட்டு வாரங்களில் மொத்தமாக அவர்கள் விளையாடியது நான்கு மணி நேரத்துக்கும் குறைவுதான். அதன் பிறகு மூளையைப் படம் எடுத்தபோது, வளர்ந்தவர்கள் சொற்களைப் பார்க்கும்போது வேலை செய்யும் பகுதி அந்தக் குழந்தைகளிடமும் எழுத்துகளுக்கு அசைந்துகொடுக்க ஆரம்பித்திருந்தது. இந்த முடிவு 2010-ல் வெளியாயிற்று. நான்கு மணி நேரத்தில் மூளையில் ஒரு மாற்றம் என்றால் வியப்பாக இல்லையா?

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் விளம்பரக்காரர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நாம் விஞ்ஞானம் படிக்கிறவர்கள். மேலே போக வேண்டும்.

ஒரு நாட்டு மருந்து இன்னொரு நாட்டில்

2018-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு முடிவு வந்தது. வாசிப்பில் பின்தங்கிய, இரண்டாம் வகுப்பு வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இதே விளையாட்டின் ஆங்கில வடிவத்தைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் படித்தார்கள். கடைசியில் சோதித்தபோது விளையாடியவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியதாகத் தெரியவில்லை.

இது ஏன்? ஒரு காரணம் எல்லாருக்கும் தெரிந்தது: ஆங்கிலம். பின்னிஷ் மொழியில் எழுத்துக்கு ஓர் ஒலி, ஒலிக்கு ஓர் எழுத்து. இருபத்து சொச்சம் முடிச்சுகளைப் போட்டுவிட்டால் எந்தச் சொல்லையும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் வகுப்பு முடியும் காலத்தில் பின்லாந்துக் குழந்தைகள் பழகிய சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் படித்தது 34 சதவீதம். (ஸ்காட்லாந்துக் குழந்தைகள் ஐந்து வயதில் பள்ளிக்கு வருகிறார்கள், பின்லாந்தில் ஏழு வயதில் வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் நேர்மை இருக்காது.) ஆக, பின்னிஷ் எழுத்துமுறைக்குத் தைத்த சட்டை அது. ஆங்கிலத்தின் உடம்புக்கு அப்படியே பொருந்திவிடாது.

இரண்டாவது காரணத்தை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. உலகில் பல நாடுகளில் இந்த விளையாட்டைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2020-ல் ஒரு தொகுப்பு வெளியாயிற்று. சொற்களை வாசிக்கும் திறமையில் சராசரிப் பலன் ஏறக்குறைய பூஜ்யம்! ஆனால் ஆய்வுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பெரியவர் ஒருவர் கூடவே இருந்து அக்கறையாகக் கவனித்த இடங்களில் நல்ல பலன் இருந்தது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் நயாஞ்சா மொழியில் நடந்த பரிசோதனையும் இதற்கு ஒத்துப்போகிறது. அங்கே முதல் வகுப்புக் குழந்தைகள் மட்டுமல்லாமல் அவர்களுடைய ஆசிரியர்களும் அதே விளையாட்டை ஆடிய வகுப்புகளில்தான் முன்னேற்றம் அதிகம். ஆசிரியர் ஆடும்போது ஒலியைச் சொல்லிக்கொடுக்கும் வகையை அவரும் கற்றுக்கொண்டார். பிறகு கரும்பலகையிலும் அதே வகையில் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். வாசிக்கக் கற்பிக்கும் மென்பொருள் அந்தந்த மொழியின் எழுத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் பிறந்திருக்க வேண்டும்; பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் பொம்மை. அதிலும் வாசிக்கத் திணறுகிற குழந்தைக்கு அந்தப் பொம்மை இன்னொரு தோல்வியைத்தான் கொடுக்கும்.

தமிழுக்கு எப்படி?

என் பக்கத்து வீட்டில் யு.கே.ஜி. படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஆங்கில ஃபோனிக்ஸ் செயலி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் செயலியில் ‘ப்’ என்பதைத் தனியாக உச்சரிக்கத் தெரியாமல் ‘பஹ்’ என்றும், ‘ட்’ என்பதை ‘டஹ்’ என்றும் ஒரு குரல் முழங்கிக்கொண்டிருந்தது. அவளும் ‘பஹ், ஏ, டஹ்’ என்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்தாள். ‘பஹேடஹ்’ என்றுதான் வந்தது. ‘பேட்’ வரவே இல்லை.

பிழை குழந்தையுடையது அல்ல. ப், ட், க் போன்ற வல்லின மெய்களைத் தனியாக உச்சரிக்க யாராலும் முடியாது. முயன்று பாருங்கள். முன்னாலோ பின்னாலோ ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். இதைத் தமிழர்கள் என்றைக்கோ கண்டுகொண்டார்கள். அதனால்தான் நாம் ‘இக், இங், இச்’ என்று உயிரை முன்னால் வைத்துப் படிக்கிறோம். உயிர் முன்னால் வந்தால் மெய் சுத்தமாகக் காதில் விழும். ‘உயிர்’, ‘மெய்’, ‘உயிர்மெய்’ என்று பெயர் வைத்ததே ஒரு நல்ல ஒலியியல் பாடம்தான். எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு தனி இயலே இருக்கிறது. இப்படிப்பட்ட மொழிக்கு ஆங்கிலச் செயலியைப் படம் மாற்றி, குரல் மாற்றி விற்பது எனக்குச் சம்மதமில்லை.

வேறு என்ன கவனிக்க வேண்டும்? தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால் போட்டால் நெடில், மேலே சுழித்தால் இகரம் என்று பல வரிசைகளுக்கு ஒழுங்கான விதி உண்டு. உகர, ஊகார வரிசைகள் மட்டும் அடங்காப் பிடாரிகள். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இரண்டு வரிசையிலும் சேர்த்து 36 எழுத்துகள். மென்பொருள் எழுதுகிறவர் எதை விதியாகக் கற்பிப்பது, எதைத் தனியாகப் பழக்குவது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 1978-க்கு முன்பு இதைவிட மோசம். ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளுக்கு விதியை மீறிய வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935-லிருந்தே தம் இதழில் மாற்றி அச்சிட்டுவந்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-ல் ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது. ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 13 சுமைகள் குறைந்தன.

இனி, நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. ஒரு காகிதத்தில் ‘கெ’ என்று எழுதுங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது எது? கொம்பு. காதுக்கு முதலில் கேட்பது எது? ‘க்’ என்ற மெய். அதாவது எகரத்தின் குறி முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ இன்னும் வேடிக்கை. ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஒரே ஓர் ஒகரத்தை இரண்டு துண்டாக்கி இரண்டு பக்கமும் வைத்திருக்கிறோம். உங்களுக்குப் பழகிப்போய்விட்டது, இடமிருந்து வலமாக ஒலிகளைச் சேர்க்க இப்போதுதான் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய புதிர்!

கணிப்பொறிக்கு இந்தப் புதிர் இல்லை. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ‘கெ’ அடிக்க வேண்டுமானால் கொம்பை முதலில் தட்ட வேண்டும். 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தைத் தட்டிவிட்டு எகரத்தைத் தட்டுகிறோம். யூனிகோட் முறையில் கணிப்பொறியின் நினைவிலும் அந்த வரிசையில்தான் அது பதிகிறது. கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் தமிழ் பிரெய்லிலும் அப்படித்தான்: முதலில் மெய்க்கு உரிய புள்ளிகள், பிறகு உயிருக்கு உரிய புள்ளிகள். பார்வையற்ற குழந்தைக்குக் கொம்புத் தொல்லை கிடையாது! ஆகவே நல்ல தமிழ் மென்பொருள் ஒன்று ககரத்தை முதலில் காட்டி ஒலித்து, பிறகு கொம்பு வந்து முன்னால் ஒட்டிக்கொள்வதை மெதுவாகக் காட்டலாம். அச்சிட்ட புத்தகத்தால் செய்ய முடியாத காரியம் இது. கணிப்பொறியை எதற்குப் பயன்படுத்தலாம் என்றால் இதற்குப் பயன்படுத்தலாம். பொம்மைகள் குதிப்பதற்கும் கைதட்டல் ஓசைக்கும் செலவழிக்கும் உழைப்பில் கொஞ்சத்தை இதில் செலவிட்டால் போதும்.

எங்கே தொடங்குவது என்பதிலும் ஆங்கிலத்தைப் பார்த்து நடக்கக் கூடாது. ‘க்+அ+ல்’ என்று மூன்றாக உடைப்பது சின்னக் குழந்தைக்கு இயல்பல்ல. அதன் காதில் ‘க’ ஒன்று, ‘ல்’ ஒன்று. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-ல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் காட்டுகிறது. உயிர்மெய்களைக் கொண்ட எழுத்துமுறையில் முழு எழுத்துகளையும் கற்பது ஓர் ஆண்டில் முடிகிற வேலையல்ல, நான்காம் வகுப்புவரைகூட நீள்கிறது; உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் உடைத்துப் பார்க்கும் திறமையும் மெல்லத்தான் வருகிறது. தமிழும் இதே குடும்பத்து எழுத்துதான். இரண்டாம் வகுப்பில் ‘ஙொ’ தெரியவில்லையே என்று கவலைப்படுகிற பெற்றோர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். (‘ஙொ’வை நான் இதுவரை எந்தச் சொல்லிலும் சந்தித்ததில்லை.) ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட என்று வாசிக்கலாம். வாசித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும்.

குரல் கேட்கும் இயந்திரங்கள்

இன்னொரு வகைச் செயலியும் வந்திருக்கிறது. குழந்தை உரக்க வாசிக்க, இயந்திரம் கேட்டுத் திருத்தும். கூகுள் நிறுவனம் 2019-ல் இந்தியாவில் இப்படி ஒன்றை ‘போலோ’ என்ற பெயரில் வெளியிட்டது. பிறகு ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாறி, தமிழிலும் வந்தது. 2022-ல் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு அதைக் கொண்டு வாசிப்பு மாரத்தான் ஒன்றும் நடந்தது.

இந்த வகை இயந்திரங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி ஒன்றா? முதல் ககரத்தில் தொண்டை அதிராது, தங்கத்தில் அதிரும், பகலில் உரசிக்கொண்டு போகும். அந்த வேறுபாடுகளுக்கு வழக்கான விதி உண்டு. இயந்திரத்துக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் வீட்டுப் பேச்சு? ‘மழை’ என்று எழுதியிருப்பதைப் பாதிப் பேர் ‘மழ’ என்றுதான் சொல்கிறோம். வாழைப்பழம் ஓர் ஊரில் ‘வாளப்பளம்’, இன்னோர் ஊரில் ‘வாயப்பயம்’. எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டு, தன் வீட்டு வழக்கில் சொல்லும் குழந்தை வாசிப்பில் தவறு செய்யவில்லை. உச்சரிப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆசிரியருக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஒரு வட்டாரத்தின் குரல்களை மட்டும் கேட்டுப் பழகிய இயந்திரத்துக்குத் தெரியாது. சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். ஐந்தாறு தடவை சிவப்பு விளக்கைப் பார்த்த குழந்தை தன் அம்மா பேசும் தமிழே தப்பு என்று நினைத்துக்கொள்ளும். எனவே கரையோரக் கிராமத்துக் குரலும் மலைக் கிராமத்துக் குரலும் திக்கித் திக்கிப் படிக்கும் குரலும் சேர்ந்து பதிவாகும்வரை, இயந்திரம் வாசித்துக் காட்டட்டும், மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் கட்சி.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் என்று எல்லாரையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு அலுக்காத திரும்பச்சொல்லல் வேண்டும். கை நடுக்கம் உள்ள குழந்தையால் விழுந்துகொண்டிருக்கும் எழுத்தை எட்டித் தொட முடியாது; அதற்கு எழுத்து நின்று காத்திருக்க வேண்டும், பெரிய பொத்தான் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலரால் திடீர் ஓசையையும் பளிச்சிடும் ஒளியையும் தாங்க முடியாது. நாம் பரிசு என்று நினைத்து வைக்கிற பட்டாசுச் சத்தம் அவர்களுக்குத் தண்டனை. காது கேளாமல் சைகை மொழியில் வளரும் குழந்தைக்கு ஒலிவழிப் பாதையே அடைபட்டிருக்கிறது. அதற்கு எழுத்தையும் சைகையையும் படத்தையும் இணைக்கும் வேறு கருவி வேண்டும். அதன் கையில் ஃபோனிக்ஸ் செயலியைக் கொடுத்துவிட்டுச் ‘சேர்த்துக்கொண்டோம்’ என்று கணக்கு எழுதுவது நியாயமில்லை.

பக்கத்தில் உட்காருங்கள்

பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னேன். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால் இதைச் செய்து பாருங்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ப, பா, பி, பு, பெ, பே, பை, பொ, போ என்று ஓர் அட்டைக்கு ஓர் எழுத்து. இன்னொரு கட்டில் மகர வரிசையை எழுதுங்கள். கலைத்துப்போட்டு, நீங்கள் ஒலியைச் சொல்லுங்கள். குழந்தை அட்டையை எடுக்கட்டும். கணிப்பொறி விளையாட்டின் உயிரே இதுதான், மின்சாரம் தேவையில்லை.

எந்த அட்டையில் கை தயங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கொம்பு வைத்தவற்றிலா? ‘பு’விலா? ‘பெ’யையும் ‘பே’யையும் மாற்றி எடுக்கிறதா? அப்படியானால் கண்ணில் தடுமாற்றமா, குறிலும் நெடிலும் காதிலேயே பிரியவில்லையா என்று அட்டையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் சொல்லிச் சோதியுங்கள். தவறாக எடுத்தால் ‘தப்பு’ என்று சொல்லாமல், சரியான அட்டையைக் காட்டி ஒலியை மறுபடி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் அதே நேரத்தில் உட்காருங்கள்.

இரண்டு வாரம் சென்றபின் உங்கள் நோட்டைப் பார்த்து, குழந்தையின் வகுப்பையும் அதிகமாகத் தடுமாறிய எழுத்துகளையும் ஒரு தபால் அட்டையில் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். குழந்தையின் பெயர் வேண்டாம். வீட்டில் பேசும் வழக்கில் அந்தச் சொற்கள் எப்படி ஒலிக்கின்றன என்பதையும், உங்கள் ஊர் எது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.